பாதை புதிது, என்ஜின் பழசு: வன்னியில் ரயில் பார்க்கவும் படம் பிடிக்கவும் வருபவர்களுக்கு

முறிகண்டியில் பஸ் நின்றால் எல்லோரும் இரண்டு வேலை செய்வார்கள். பிள்ளையாருக்கு ஒரு கற்பூரம், வீட்டுக்கு ஒரு பை கச்சான். எனக்கு மூன்றாவதாக ஒரு வேலை உண்டு. கச்சான் விற்கிற அம்மாவிடம் போய், "இன்டைக்கு என்ன போனது?" என்று கேட்பேன்.

"யாழ்தேவி போட்டுது தம்பி. கல்லுக் கோச்சி இன்னும் வரேல்லை. மாங்குளத்திலதான் நிக்குதாம்."

கல்லுக் கோச்சி என்றால் பாதைக்குச் சல்லிக்கல் கொண்டுவரும் ரயில். எந்த இணையத்தளத்திலும் இந்தத் தகவல் கிடைக்காது. வன்னியில் ரயில் பார்க்கத் தொடங்குபவர் முதலில் தேட வேண்டியது இப்படி ஒரு ஆளைத்தான். கமரா எல்லாம் அதற்கு அப்புறம்.

முதலிலேயே ஒரு ஏமாற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். கரிக்கோச்சி பார்க்கலாம் என்று நினைத்து வருகிறீர்கள் என்றால், இங்கே அது இல்லை. 1905இல் வடக்குப் பாதை முழுதாகத் திறந்தபோது காங்கேசன்துறை வரை புகை கக்கிக்கொண்டு போனவை நீராவி என்ஜின்கள்தான். 1956 ஏப்ரலில் யாழ்தேவி ஓடத் தொடங்கியபோதே டீசல் காலம் வந்துவிட்டது. ஓடக்கூடிய நிலையில் இருக்கும் ஒருசில நீராவி என்ஜின்களை இன்று கொழும்புப் பக்கம்தான் வைத்திருக்கிறார்கள். அவற்றைப் பார்க்கும் வழியைப் பின்னால் சொல்கிறேன்.

ஆனால் வன்னியில் வேறு எங்கும் இல்லாத ஒரு விசித்திரம் இருக்கிறது. 1990 ஜூனில் வவுனியாவுக்கு வடக்கே ரயில் நின்றது. அப்புறம் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போயின. கல்லை மழை கொண்டுபோனது, மேட்டை நாயுண்ணிப் பற்றை மூடியது. போர் முடிந்த பிறகு இந்தியாவின் இர்கொன் நிறுவனம் பாதையைத் திரும்பப் போட்டது. 2011இல் ஓமந்தை, 2013 செப்டெம்பரில் கிளிநொச்சி, 2014 மார்ச்சில் பளை, அதே ஆண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணம், 2015 ஜனவரியில் காங்கேசன்துறை என்று ரயில் ஒவ்வொரு படியாக வந்தது. ஆக, கிளிநொச்சியில் உள்ள தண்டவாளம் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் வயதுதான். அதன் மேல் சில நாட்களில் வருகிற என்ஜினோ அந்தப் பிள்ளையின் தாத்தாவை விட மூத்தது. நான் திரும்பத் திரும்பப் போய்ப் படம் பிடிப்பது இதைத்தான்.

எந்த என்ஜின் என்று எப்படித் தெரியும்?

புதியவர் இரண்டு வகையைப் பிடித்துக்கொண்டால் போதும், மற்றவை தானாக வரும்.

முதலாவது எம்-2. மூக்குச் சற்று நீண்ட, உருண்டைத் தோள் கொண்ட பழைய என்ஜின். 1954இலிருந்து கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா கொடுத்த உதவியாக இவை வந்தன. அதனால் சிலவற்றின் பக்கவாட்டில் ஒன்ராறியோ, ஆல்பர்ட்டா என்று கனடிய மாகாணங்களின் பெயர் இருக்கும். கனடாவில் ஒரு சொந்தக்காரராவது இல்லாத வீடு இந்தப் பக்கம் குறைவு. நம் ஆட்கள் ஒன்ராறியோவுக்குப் போகும் முன்னரே ஒன்ராறியோ இங்கே வந்துவிட்டது என்று நான் பகிடி விடுவதுண்டு. இந்த என்ஜின் இரண்டடிப்பு (டூ ஸ்ட்ரோக்) வகை. நிற்கும்போது சீராக முணுமுணுக்கும், இழுக்கத் தொடங்கினால் அந்த முணுமுணுப்பில் ஒரு ஊளை கலந்துவிடும்.

இரண்டாவது எம்-4. அதுவும் கனடாதான், 1975இல் மொன்றியலில் செய்தது. இலக்கம் 743க்கும் 756க்கும் இடையில் இருக்கும். இது நான்கடிப்பு (ஃபோர் ஸ்ட்ரோக்). தக், தக், தக் என்று ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்கும். சாரதி வேகத்தைக் கூட்டும்போது கூரையிலிருந்து ஒரு கரும்புகைத் தூண் எழும்பும். கரிக்கோச்சி கிடைக்காத கவலைக்கு இது ஓரளவு மருந்து. வாரணாசியில் செய்த எம்-8 போன்ற பெரிய இந்திய என்ஜின்களிலும் இதே குடும்பத்து இயந்திரம்தான், அடியின் கனம் கூட.

என்ஜினும் பெட்டிகளும் ஒரே தொடராக வரும் நீல நிற, குளிரூட்டிய டீசல் ரயில்களும் ஓடுகின்றன. வசதியான ரயில்கள்தான். எனக்கு அவற்றில் பெரிய ஆர்வம் இல்லை, அதனால் அவற்றைப் பற்றி எழுத வேறு ஆளைப் பாருங்கள்.

ஒரு இடத்தைத் தெரிவு செய்யுங்கள்

முதல் மாதம் ஒரே இடத்துக்கே போங்கள். வவுனியாவிலிருந்து ஆனையிறவு வரை ஒரே நாளில் ஓடி ஓடிப் பிடிக்க நினைப்பவர் வீட்டுக்குக் கொண்டுபோவது பாதிப் படங்களும் முழு வெயிலும்தான். ஒரே இடத்துக்கு நாலு தரம் போனால் வெயில் எப்போது எந்தப் பக்கம் விழும், எந்த மரம் குறுக்கே வரும், எந்த வீட்டு நாய் குரைக்கும் என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

என்னைக் கேட்டால் தொடக்கத்துக்கு வவுனியா ஸ்டேஷன். பல ஆண்டுகள் வடக்குப் பாதையின் முடிவாக இருந்த இடம். மேடையில் நிழல் உண்டு, தேத்தண்ணி உண்டு, ரயில் நின்று போகும், அதனால் கை நடுங்கினாலும் படம் வரும். மேடைக்கு டிக்கெட் எடுங்கள், நிலைய அதிபரிடம் போய் "ஐயா, ரயில் படம் எடுக்கலாமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். கேட்காமல் எடுத்தால்தான் சந்தேகம் வரும். நான் ஒரு தரம் கேட்காமல் எடுத்து, சீருடை போட்ட ஒருவருக்கு முன்னால் அரை மணித்தியாலம் என் போனில் இருந்த முந்நூறு என்ஜின் படங்களையும் ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டி வந்தது. இருபதாவது படத்திலேயே அவருக்குக் கொட்டாவி வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை.

கை பழகிய பிறகு மாங்குளமும் முறிகண்டியும். இரண்டு பக்கமும் பாலையும் வீரையும் நிற்கிற காட்டுக்குள் நேராகப் போகும் பாதை. ரயில் தூரத்தில் ஒரு வெளிச்சப் புள்ளியாகத் தொடங்கிப் பெருத்துக்கொண்டே வருவதைப் பொதுக் கடவையில் வேலிக்கு வெளியே நின்றபடி பிடிக்கலாம்.

அப்புறம் ஆனையிறவு. இதைப் பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்ல வேண்டும். மரம் இல்லை, மேடு இல்லை, இரண்டு பக்கமும் கடல்நீரேரி. மாரி முடிந்து தை பிறக்கும்போது தண்ணீர் நிரம்பி இருக்கும். காற்று விழுந்த காலையில் ரயில் தண்ணீரில் தலைகீழாகவும் ஓடும். ஆவணியில் போனால் அதே இடம் வெடித்து, வெளுத்து, உப்புப் பொரிந்து கிடக்கும். இரண்டும் அழகு, ஆனால் இரண்டுக்கும் வேறு வேறு படம் எடுக்க வேண்டும். தண்ணீர் இருக்கும்போது கமராவைக் கீழே இறக்கி நிழலையும் சேர்த்துப் பிடியுங்கள். காய்ந்த காலத்தில் வானத்துக்கு முக்கால் பங்கு கொடுத்து ரயிலை அடியில் ஒரு கோடாக ஓடவிடுங்கள். சுற்றியுள்ள முகாம்கள் படத்துக்குள் வராமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

மதவாச்சியில் பிரிந்து செட்டிகுளம், மடு றோட், மன்னார் வழியாகத் தலைமன்னார் போகும் பாதை தனிக் கதை. 1914இல் இந்தியாவுக்குப் படகோடு சேர்த்து ஓடிய ரயிலுக்காகப் போட்டது, 2015இல் தலைமன்னார் துறை வரை மறுபடி திறந்தது. ரயில் குறைவு. முழு நாளையும் ஒதுக்க முடிந்தால் மட்டும் போங்கள்.

சரக்கு ரயிலுக்கு எப்படிக் காத்திருப்பது

பயணிகள் ரயிலுக்கு நேரம் இருக்கிறது. முதல் நாள் ரயில்வேயின் 1971 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தோ ஸ்டேஷனில் கேட்டோ உறுதிப்படுத்திக்கொள்ளலாம். வெள்ளம், பாதை வேலை என்று வந்தால் அதுவும் மாறும். சரக்கு ரயிலுக்கு உங்களுக்கும் எனக்கும் தெரிகிற அட்டவணை என்று எதுவும் இல்லை.

முன்பு காங்கேசன்துறைச் சீமெந்தும் யாழ்ப்பாணத்துப் புகையிலையும் இந்தப் பாதையில் தெற்கே போனதைப் பெரியவர்கள் சொல்வார்கள். இன்று வன்னிக்குள் நீங்கள் சந்திக்கக்கூடியது பெரும்பாலும் பாதைக்கு வேலை செய்யும் ரயில்கள். சல்லிக்கல் ஏற்றிய கல்லுக் கோச்சி, தண்டவாளம் ஏற்றிய தட்டைப் பெட்டிகள், தொழிலாளர் போகும் சிறு மோட்டார் வண்டி. இதைக் கேட்டு முகத்தைச் சுளிக்காதீர்கள். கல்லுக் கோச்சி வேலை செய்வதை ஒரு தரம் பக்கத்தில் பார்த்தால் யாழ்தேவி சாதாரணமாகிவிடும்.

நான் மாங்குளத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கடவையில் பார்த்தேன். ரயில் மனிதர் நடக்கிற வேகத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் நடந்து வந்தவர் ஒரு இரும்புச் சக்கரத்தைப் பிடித்துத் திருகினார். அடிக்கதவு திறந்தது. முதலில் நாலு கல், பிறகு நாற்பது, பிறகு மழை கொட்டுகிற சத்தம். வெள்ளைத் தூசு எழும்பிச் சக்கரத்தை மறைத்தது. காலை வெயில் சரிந்து அந்தத் தூசுக்குள் விழ, பெட்டியின் நிழல் தூசின் மேலேயே ஓடியது. பின்னால் ரயில் காட் (கார்ட்) பச்சைக் கொடியை மெதுவாக ஆட்டிக்கொண்டிருந்தார். திருகியவர் தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்து முகத்தைத் துடைத்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனார். ஐந்து நிமிடம். நாள் முழுக்க நின்றதற்கு அது போதும்.

இப்படி ஒன்றைப் பிடிக்க ஒரு சூத்திரம் இருக்கிறது. வவுனியாவுக்கு வடக்கே ஒற்றைப் பாதை. எதிர் எதிராக வரும் இரண்டு ரயில்கள் ஸ்டேஷனில் மட்டும்தான் விலக முடியும். பயணிகள் ரயில் வர முன்னர் மெதுவான ரயிலை ஏதாவது ஒரு ஸ்டேஷனின் பக்கப் பாதையில் ஒதுக்கிவிடுவார்கள். எனவே பயணிகள் ரயில் வர அரை மணித்தியாலத்துக்கு முன் மாங்குளம் போன்ற ஸ்டேஷனுக்குப் போய்ப் பாருங்கள். பக்கப் பாதையில் ஏதாவது நின்றால் உங்களுக்கு யோகம். என்ஜின் இலக்கம், சாரதி, பெட்டிகள் என்று ஆறுதலாக எடுக்கலாம். சாரதியைப் படம் எடுக்கும் முன் ஒரு சிரிப்பு, ஒரு தலையாட்டு. அவர் திருப்பித் தலையாட்டினால்தான் எடுக்க வேண்டும்.

பக்கப் பாதையில் ஒன்றும் இல்லாவிட்டால் கச்சான் அம்மாவிடம் திரும்பி வாருங்கள்.

எங்கே நிற்கக் கூடாது

தண்டவாளத்தில் நடப்பது சட்டப்படி குற்றம். அது ஒரு பக்கம் இருக்கட்டும். தொடர்ச்சியாக ஒட்டிய புதிய தண்டவாளத்தில் பழைய தடதடப்பு இல்லை. எதிர்க்காற்று அடித்தால் ரயில் முதுகுக்குப் பின்னால் வரும்வரை கேட்காது. போனில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நிற்பவருக்கு அது போதும். என் கணக்கு, பாதையிலிருந்து குறைந்தது 15 மீட்டர். கடவையில் நின்றால் கதவுக்கு வெளியே, கதவு இல்லாத கடவையில் இன்னும் பின்னால். ஓடும் ரயிலின் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு வீடியோ எடுப்பவரை நான் படம் பிடிப்பவர் கணக்கில் சேர்ப்பதில்லை.

வன்னிக்கு என்று சில விசேட எச்சரிக்கைகள் உண்டு. நல்ல கோணம் கிடைக்கிறது என்று பற்றைக்குள் இறங்காதீர்கள். பாதையை ஒட்டிய இடங்களில் மிதிவெடி எடுத்துவிட்டார்கள்தான். ஆனால் முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலை ஆண்டுக்கணக்காக நடந்த இடம். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் அந்தப் பக்கம் காலே வைக்க வேண்டாம். பலகை இல்லாத இடத்திலும் ஆள் நடந்து தேய்ந்த ஒற்றையடிப் பாதையை விட்டு விலக வேண்டாம். அந்தப் பற்றைக்குள் புடையனும் கிடக்கும்.

யானை அடுத்தது. வவுனியாவுக்கும் மாங்குளத்துக்கும் இடைப்பட்ட காட்டிலும் மடுப் பக்கத்திலும் காலை, மாலைகளில் யானை நடமாடும். பொழுது சாய்கிற வெளிச்சம் அழகுதான். எனக்கும் அது பிடிக்கும். ஆனாலும் காட்டுப் பகுதியில் நான் ஐந்து மணிக்கே மூட்டை கட்டிவிடுவேன். மாலை வெளிச்சம் வேண்டுமென்றால் ஆனையிறவுக்குப் போவேன்.

ட்ரோன் வைத்திருப்பவர்கள் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகளைப் படித்து, அனுமதி எடுத்துவிட்டு வாருங்கள். இந்தப் பிரதேசத்தில் கேட்காமல் வானத்தில் எதையாவது பறக்கவிட்டால் ஊர்ச்சனம் பயப்படும். அவர்களுக்கு வானத்தில் கேட்ட இரைச்சலின் ஞாபகம் வேறு.

இனிக் கமராவை எடுக்கலாம்

ஒரு சின்னக் கணக்கு. பத்துப் பெட்டி ரயில், ஒரு பெட்டி சுமார் 20 மீட்டர் என்றால் மொத்தம் 200 மீட்டர். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு 25 மீட்டர். அதாவது உங்களைத் தாண்டிப் போக அதற்கு எட்டு விநாடி. இரண்டு மணித்தியாலம் நின்றது அந்த எட்டு விநாடிக்காகத்தான்.

அதனால் ரயில் வந்த பிறகு எதையும் சரிசெய்ய நேரம் இல்லை. எல்லாம் முன்பே. காலியான பாதையை ஒரு தரம் எடுத்துப் பாருங்கள். போனில் தண்டவாளத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் குவியமும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பூட்டாமல் விட்டால் என்ஜினின் முன்விளக்கு நேராக அடிக்கும் கணத்தில் போன் குழம்பி, படம் முழுவதும் இருண்டுவிடும்.

நிழற்படம் என்றால் ஷட்டர் 1/1000 விநாடி அல்லது அதற்கும் வேகம். 1/500இல் அந்த ரயில் 5 சென்ரிமீட்டர் நகர்ந்துவிடும், பக்கவாட்டில் எடுத்தால் இலக்கம் மங்கும். ஊர்கிற கல்லுக் கோச்சிக்கு 1/250 தாராளம்.

வீடியோவுக்கு முக்காலி. இல்லாவிட்டால் மதகுக் கட்டில் முழங்கையை ஊன்றுங்கள். சைக்கிள் இருக்கையும் பரவாயில்லை. கமராவை ஆட்டாமல் ரயிலைச் சட்டத்துக்குள் வந்து போகவிடுங்கள். கூடவே திருப்புவது பிறகு பழகலாம். போனைக் கிடையாகப் பிடியுங்கள். கடவை மணி அடிக்கத் தொடங்கியவுடன் பதிவைத் தொடங்குங்கள். முதல் நாளே மணிக்கும் ரயிலுக்கும் இடையில் எவ்வளவு நேரம் என்று கடிகாரத்தில் பார்த்து வைத்தால் அது பெரிய உதவி. தொடங்கியதும் சிவப்புப் புள்ளி எரிகிறதா என்று பாருங்கள். என் முதல் எம்-2 முறிகண்டியைத் தாண்டியபோது நான் பதற்றத்தில் பொத்தானை இரண்டு தரம் அழுத்தியிருந்தேன். கையில் மிஞ்சியது என் செருப்பின் மூன்று விநாடி வீடியோ. இன்னும் அழிக்கவில்லை.

கடைசிப் பெட்டி போனதும் நிறுத்திவிடாதீர்கள். சத்தம் காட்டுக்குள் கரையும்வரை ஓடவிடுங்கள்.

சத்தத்துக்கு எதிரி காற்று. வைகாசி தொடங்கிச் சோளகம் அடிக்கிற மாதங்களில் ஆனையிறவில் எடுத்தால் பதிவில் கேட்பது சோளகம் மட்டும்தான். பஞ்சுத் துண்டை மைக்கின் மேல் வைத்து மெல்லிய துணியால் கட்டுங்கள், பழைய பெனியன் துண்டு நல்லது. காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று உடம்பாலேயே மறைப்பதும் வேலை செய்யும். காட்டுப் பகுதியில் இந்தக் கரைச்சல் குறைவு. ஏ-9 வீதியில் போகிற லொறிதான் அங்கே தொல்லை.

வெளிச்சம் பற்றி ஒன்று மட்டும். வவுனியாவிலிருந்து பரந்தன் வரை பாதை பொதுவாக வடக்கு நோக்கி ஓடுகிறது. காலையில் பாதைக்குக் கிழக்கேயும் பின்னேரம் மேற்கேயும் நில்லுங்கள், வெயில் உங்கள் முதுகில் இருக்கும். 11 மணியிலிருந்து 3 மணி வரை தண்டவாளத்தின் மேல் கானல் ஆடும். தூரத்து ரயில் தண்ணீருக்குள் கிடப்பதுபோல நெளியும். அந்த நேரம் நிழல் பார்த்துச் சாப்பிட்டுவிட்டுப் படுங்கள்.

ஒவ்வொரு படத்துக்கும் திகதி, இடம், என்ஜின் இலக்கம், எத்தனை பெட்டி, எந்தத் திசை என்று ஒரு சின்னக் கொப்பியில் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்துப் புரட்டினால் கல்லுக் கோச்சி எந்தக் காலத்தில் எந்தப் பக்கம் கூட வருகிறது என்று உங்களுக்கே பிடிபடும்.

கரிக்கோச்சி பார்த்தே தீருவேன் என்பவருக்கு

வவுனியாவில் கொழும்பு ரயில் ஏறிப் பொல்காவலையில் இறங்குங்கள். வடக்குப் பாதை பிரிகிற சந்தி அது. அங்கே கண்டிப் பக்கம் போகும் ரயிலுக்கு மாறிக் கடுகண்ணாவையில் இறங்கினால் தேசிய ரயில் அருங்காட்சியகம். இலங்கையில் ரயில் ஓடத் தொடங்கி 150 ஆண்டு நிறைவுக்காக 2014 டிசம்பரில் திறந்தது. பழைய நீராவி என்ஜின்களைத் தொட்டுப் பார்க்கும் தூரத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். அவை ஓடாது, ஆனால் சக்கரமும் தண்டும் எப்படி இணைகின்றன என்று படிக்க இதைவிட நல்ல இடம் இல்லை.

ஓடுவதைப் பார்க்க வேண்டுமானால் வைஸ்ரோய் ஸ்பெஷல். சுற்றுலாக் குழுக்கள் வாடகைக்கு எடுத்தால் மட்டும் ஓடும் நீராவி ரயில். அது மலைநாட்டுப் பாதையில் போகும் நாள் தெரியவந்தால் ரம்புக்கணைக்கும் கடுகண்ணாவைக்கும் இடையில் பொது இடம் ஒன்றைப் பிடியுங்கள். 44 அடிக்கு ஓர் அடி ஏறுகிற பாதை. என்ஜின் மூச்சு வாங்கும், நடை குறையும், புகையும் ஆவியும் நிறையக் கிடைக்கும். காலைக் குளிரில் ஆவி வெள்ளையாகத் தெரியும். அதனால் கமராவின் வெளிச்ச அளவை (எக்ஸ்போஷர்) அரைப் படி குறைத்து வையுங்கள். இல்லாவிட்டால் ஆவி வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும்.

போகும்போது முறிகண்டிக் கச்சான் ஒரு பை கொண்டுபோங்கள். பொல்காவலையில் அடுத்த ரயிலுக்குக் காத்திருக்கும் நேரம் நீளம்.